தைலதாரையில் வெட்டிய மூச்சு

நீலசந்திராவில் குடியிருக்கும் பாட்டுக்காரி சங்கமித்ரா, போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூச்சு விடுவதை நிறுத்தினாள். சாகவில்லை. நாடி ஓடியது, பசித்தது, வியர்த்தது, தண்ணீர் வராத நாளில் கோபமும் வந்தது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. உள்ளே போகாததால் வெளியேயும் வரவில்லை. இதைக் கண்டுபிடித்தது அவள் அம்மா பாஞ்சாலி. பாஞ்சாலிக்கு மாநகராட்சியில், அந்த ஊர்ப் பேச்சில் பாலிகெயில், ரோடு கூட்டும் வேலை. இருட்டோடு கிளம்பிப் போனால் மத்தியானம் திரும்பி வந்து, மகள் படுத்திருக்கும் பாயிலேயே கொஞ்சம் சாய்வாள். மகள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அன்றைக்குக் காதில் விழவில்லை. எழுந்து மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். "இன்னாடி இது, காத்தே காணோம்?" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மௌரீன் கைக்கண்ணாடியோடு ஓடி வந்து மூக்குக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. "ஐயோ ஜீசஸ், போய்ட்டாளே உம் பொண்ணு" என்று மௌரீன் மாரில் அடித்துக்கொள்ள, சங்கமித்ரா கண்ணைத் திறந்து அவளை முறைத்தாள். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. சங்கமித்ரா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தத்துக்கும் காற்றுதானே வேண்டும்? அன்றிலிருந்து அம்மா அவள் உதட்டைப் படித்தாள். மற்றவர்களுக்கு வாட்ஸப்.

அதே மத்தியானம்தான் அவளுடைய முதல் ஆல்பம் வெளியாகியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சங்கமித்ரா, மகளிர் கல்லூரி ஒன்றில் சங்கீதம் எடுத்துப் படித்து தங்கப் பதக்கம் வாங்கியவள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சபாக்கள் அவளைக் கூப்பிடாமல் இல்லை. ரசிகர்கள் கேன்டீனில் பிசிபேளாபாத் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டன. குரலில் யாரும் குறை சொன்னதில்லை. மூச்சில்தான் சொன்னார்கள். பல்லவி எடுப்பதற்கு முன்னால் அவள் இழுக்கிற மூச்சு, நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற பெண் இழுக்கிற மூச்சு. கடைசி வரிசை வரை கேட்கும். தெருக்குழாயிலிருந்து இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டே சாதகம் பண்ணியவளுக்கு வேறெப்படி வரும்? அவளுக்கு மிருதங்கம் வாசிக்கிற ஜெயராமன் மட்டும் அந்த மூச்சை நம்பிப் பிழைத்தார். அவர் வேலூர்ப் பக்கத்து ஆள். பகலில் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சாயங்காலம் கச்சேரி. மெட்ரோ வாசலில் மிருதங்கத்தை ஸ்கேனருக்குள் தள்ளிவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல சார், காத்துதான்" என்று ஒவ்வொரு முறையும் செக்யூரிட்டிக்குச் சொல்பவர். மேடையில் அவர் அவளுடைய தாளம் போடும் கையைப் பார்ப்பதில்லை. மூச்சைத்தான் கேட்பார். பாட்டு எந்த இடத்தில் வந்து விழப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆல்பத்தைப் போட்டவர் சேஷகிரி. பசவனகுடிக்காரர். சபா செயலாளர், வயலின் வித்வான், ரெக்கார்டிங் கம்பெனி முதலாளி, மூன்றும் அவரே. அதனால் அவரிடம் ஒரு வேலைக்காகப் போனவர்கள் மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் கும்பிட வேண்டியிருந்தது. பதிவு முடிந்த அன்று அவர் சங்கமித்ராவை உட்கார வைத்துப் பேசினார். "குழந்தே, சாரீரம் ஃபர்ஸ்ட் கிளாஸ். லயம் இருக்கு, பாவம் இருக்கு. அந்த மூச்சுதான்… எப்படிச் சொல்றது, கொஞ்சம் ராவா இருக்கு. நம்ம ரசிகாளுக்குப் பழக்கமில்லே. சங்கீதம் தைலதாரை மாதிரி இருக்கணும். எண்ணெய் ஊத்தினா அறாம விழறதோன்னோ, அப்படி. அந்தக் குப்பையை மட்டும் எடுத்துடலாம்."

"மூச்சே இல்லாம எப்படிப் பாடினேன்னு கேக்க மாட்டாங்களா சார்?"

"கேக்க மாட்டா. அதுதானேம்மா கலை."

முதல் ஆல்பம் யார் மூலமாக வருகிறதோ அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். அவளும் ஆட்டினாள். வெட்டும் வேலை சவுண்ட் இன்ஜினியர் க்ளென்னுக்குப் போனது. லிங்கராஜபுரத்து க்ளென், சத்தம் எதையும் அழிக்க மனசு வராதவர். ஒவ்வொரு மூச்சாக வெட்டி எடுத்து, அதற்கு முந்தைய ஸ்வரத்தின் வாலை இழுத்து ஓட்டையை மூடினார். வெட்டிய மூச்சுகளைத் தனி டிராக்கில் வரிசையாக வைத்து ம்யூட் பண்ணினார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் வெட்டியது அவள் உள்ளே இழுத்த மூச்சை மட்டும்தான். வெளியே விட்ட மூச்சுதான் பாட்டு. அது விற்பனைக்குப் போனது. ஆல்பத்துக்குத் 'தைலதாரை' என்றே பேர் வைத்தார் சேஷகிரி.

யார் யாருக்கு எது எது அதிர்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சங்கமித்ராவைப் பரிசோதித்த டாக்டர் அவள் விரலில் கிளிப்பை மாட்டினார். ஆக்ஸிஜன் அளவு சரியாக இருந்தது. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், உள்ளே காலி வீடு மாதிரி இருந்தது. டாக்டரின் முகம் வெளுத்தது. கிளிப்பை மறுபடி பார்த்தார், நார்மல் என்று எழுதினார், அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டார். அவருடைய அதிர்ச்சி அவ்வளவு நேரம்தான். சங்கீத விமர்சகர்களுக்கு வந்தது ஆனந்த அதிர்ச்சி. இப்படி அறாத ஓட்டத்தைக் கேட்டே பல காலம் ஆகிவிட்டது என்றார்கள். ஒருவர் "உடம்பின் மாசு படாத குரல்" என்று எழுதினார். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பாஞ்சாலிதான் உண்மையிலேயே அதிர்ந்தவள். "உடம்பு இல்லாம பாட்றதுக்கு இவ இன்னா பேயா?" என்றாள்.

இசைக் கலைஞர்களைக் கூப்பிட்டு அவர்கள் வளர்ந்த கதை, மறக்க முடியாத கச்சேரி, புதிய ஆல்பம் என்று பேச வைக்கிற அலர்மேல்மங்கை, தன் யூடியூப் நிகழ்ச்சிக்கு சங்கமித்ராவை அழைத்தாள். சேஷகிரியும் கூடப் போனார். இரண்டு மைக் வைத்திருந்தார்கள். அலர்மேல்மங்கை கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சங்கமித்ரா வாயைத் திறந்தாள், சேஷகிரி பதில் சொன்னார். அவள் எங்கே பிறந்தாள் என்பதையும் அவரே சொன்னார். கன்டோன்மென்ட் பக்கம் என்றார். நீலசந்திரா என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அம்மா என்ன பண்ணுகிறார் என்ற கேள்விக்கு அரசாங்க உத்தியோகம் என்றார். "அடுத்த ரெக்கார்டிங் பத்திச் சொல்லுங்களேன்" என்றபோது சங்கமித்ரா மேஜையைத் தட்டி, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, உதட்டை அசைத்து முழுசாக ஒரு நிமிஷம் பேசினாள். சத்தம் அளக்கும் மீட்டரில் முள் அசையவில்லை. அந்த ஒரு நிமிஷத்தையும் வெட்டிவிட்டு வெளியிட்டார்கள். என்ன அடக்கமான பெண், பெரியவர்களைப் பேச விட்டுக் கேட்கிறாள் என்று கீழே கமென்ட் குவிந்தது.

அவளுக்கு மூச்சும் வரவில்லை, குரலும் வரவில்லை என்பது சேஷகிரிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்ச நேரம் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஆல்பம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கச்சேரியை நிறுத்துவது அழகில்லை என்று முடிவு செய்தார். ஆல்பத்தையே ஸ்பீக்கரில் ஓட விட்டார்கள். சங்கமித்ரா பட்டுப்புடவை கட்டி மேடையில் உட்கார்ந்து வாயை அசைத்தாள். சேஷகிரி வில்லைத் தந்தியில் படாமல் இழுத்தார். ஜெயராமன் மிருதங்கத்தின் தோலைத் தொடாமல் வாசித்தார். அப்படி வாசித்த இரவெல்லாம் அவர் உள்ளங்கை அடி வாங்கியவன் கை மாதிரி வீங்கியது. "இதுக்கு நான் ஆபீஸ்ல ஓவர்டைம் பாத்திருப்பேன், மித்ரா" என்றார். கட்டண சபாக்களில் முன்வரிசை வித்வான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எழுந்து போகவில்லை. வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸின் நவராத்திரி விழாவில் ஒரு அம்மாள் கச்சேரி முடிந்ததும் மேடைக்கே வந்துவிட்டாள். "பிராணாயாமம் எங்க கத்துக்கிட்டீங்க? எங்க கிளப் ஹவுஸ்ல ஒரு பேட்ச் எடுக்க முடியுமா?" என்றாள். சங்கமித்ரா அவளைப் பார்த்தபடியே நின்றாள். சங்கமித்ராவின் மூக்கு மட்டத்தில் ஒரு மாலை தொங்கிக்கொண்டிருந்தது. சம்பங்கி வாசனை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இதற்கிடையில் ஸ்டூடியோவில் சில மாற்றங்கள் ஏற்பட்டிருந்தன. ம்யூட் பண்ணி வைத்த டிராக் க்ளென்னின் கம்ப்யூட்டருக்குள் சும்மா இருக்கவில்லை. முதலில் சுவரில் ஒட்டிய ஸ்பான்ஜ் பலகைகள் உப்பின, அடங்கின. பிறகு, ஏசி ஓடாத நேரத்திலும் கதவு தானாகத் திறந்து மூடியது. அதன் பிறகு வாசனை வந்தது. எந்தப் பாட்டு எந்த நாளில் பதிவானதோ அந்த நாளில் அவள் சாப்பிட்டது அதன் மூச்சில் இருந்தது. வர்ணத்தின் மூச்சில் கருவாட்டுக் குழம்பு. தோடியில் டீயும் வேர்க்கடலையும். பல்லவியைப் பதிவு பண்ணியது ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் மாட்டுக்கறி வறுவல், மிளகு தூக்கலாக. க்ளென்னுக்கு நாளெல்லாம் பசித்தது, தின்று தின்று ஒரே மாதத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். சேஷகிரி தன் அடுத்த பதிவுக்காக ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தவர், அப்படியே பின்வாங்கி வராண்டாவில் போய் நின்றார். ஒரு பெண்ணின் மூச்சு நின்றபோது ஆடியதைவிட அதிகமாக அன்றைக்கு ஆடினார். "க்ளென், அதை டிலீட் பண்ணு. இன்னிக்கே" என்றார்.

"சார், அது அந்தப் பொண்ணோட பிரெத், சார்."

"அது குப்பை. நாளைக்குப் பூஜைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள டிஸ்க் சுத்தமாகணும்."

க்ளென் ஜெயராமனுக்குப் போன் பண்ணினார். ஜெயராமன் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தார். எழுந்து வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகவில்லை. அந்தப் போனில்தான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது. ஆல்பம் வந்த மத்தியானம் அவள் மூச்சு நின்றது, அந்த மூச்சு இங்கே இருக்கிறது, அழித்தால் அவ்வளவுதான். பாஞ்சாலி டியூட்டியிலிருந்து பச்சை யூனிபார்ம் கோட்டைக் கழற்றாமலே வந்தாள். பின்னால் சங்கமித்ரா, ஜெயராமன். சேஷகிரி வராண்டாவில் மூக்கில் கைக்குட்டையோடு நின்றிருந்தார். பாஞ்சாலி உள்ளே எட்டிப் பார்த்து ஒரு தரம் முகர்ந்தாள். "வர்ணம் பாடின அன்னிக்குக் கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னே இல்ல?" என்று மகளைக் கேட்டாள். பிறகு சேஷகிரியிடம் திரும்பினாள்.

"இன்னா சார், நாறுதா?"

"பாரும்மா, உன்னை ஒண்ணும் தப்பாச் சொல்லலே. இது சரஸ்வதி இருக்கிற இடம்."

"இருக்கட்டும். அவங்க மூக்கப் பொத்திக்கலயே, நீங்கதானே பொத்திக்கினு இருக்கீங்க. அத்த இன்னான்னு சொன்னீங்க, குப்பையா?"

சேஷகிரி கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"குப்பைன்னா எடுக்க வேண்டியது என் டூட்டி. உங்க ரோட்லயும் நான்தான் எடுக்கறேன், உங்க வூட்டு வாசல்லயும் நான்தான் எடுக்கறேன். இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா நீங்களே அழிக்கறீங்க? ஜல்தி குடுங்க, எடுத்துனு போறேன்."

சேஷகிரிக்குள் இருந்த செயலாளர், வித்வான், முதலாளி மூன்று பேரும் ஒரே கைக்குட்டைக்குள் இருமினார்கள். வாசலில் பூஜை சாமானோடு ஆட்டோ வேறு வந்து நின்றது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையை வீசினார். க்ளென் எல்லா மூச்சையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பாஞ்சாலி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் அவள் இடுப்புப் பக்கம் முந்தானை பொங்கிப் பொங்கி அடங்கியது. பக்கத்து சீட்டுக்காரி உள்ளே கோழிக்குஞ்சா என்று கன்னடத்தில் கேட்டாள்.

வீட்டில் ஜெயராமனின் லேப்டாப்பில் அதைப் போட்டார்கள். முதல் மூச்சு சங்கமித்ராவின் மூக்கு வழியாகச் சரசரவென்று ஏறியது. மார்பு விரிந்தது. பாஞ்சாலி கையைத் தட்டினாள். இரண்டாவது மூச்சும் ஏறியது. மூன்றாவதும். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது, எல்லாமே உள்ளே இழுக்கிற மூச்சு, நடுவில் வெளியே விட பாட்டு இல்லை. ஜாக்கெட் தையல் விட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் பாயிலிருந்து அரை அடி மேலே எழும்பிவிட்டாள். மௌரீன் அவள் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மாதாவைக் கூப்பிட, ஜெயராமன் லேப்டாப்பை அறைந்து மூடினார். ஏறிய காற்று எல்லாம் ஒரே சீறலில் வெளியே போய் எதிர்வீட்டுக் கொடித் துணிகளைத் தெருமுனையில் போட்டது. சங்கமித்ரா பாயில் விழுந்தாள். மறுபடி காலி.

"பாட்டு அங்க இருக்கு, மூச்சு இங்க இருக்கு" என்றார் ஜெயராமன். "ரெண்டும் ஒண்ணா இருந்தாதான் ஆவும். வெளியில ஓடற ஆல்பத்துலயே இத திரும்பப் போடணும்."

க்ளென்னால் அது முடியும். ம்யூட்டை எடுத்துவிட்டு, இழுத்த வால்களை வெட்டி, பழைய பதிவின் இடத்தில் முழுப் பதிவை ஏற்ற வேண்டும். கம்பெனியின் கணக்குக்கான பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. ஆனால் அவர் முதலில் சங்கமித்ராவுக்கு மெசேஜ் அனுப்பினார். அந்த வாரம் ஆல்பத்துக்கு ஒரு பெரிய விருது அறிவிக்க இருக்கிறார்கள், சேஷகிரி அமெரிக்க டூருக்கு டிக்கெட் போட்டுவிட்டார், இதைச் செய்தால் ஊரில் ஒரு சபாவும் உன்னை ஏற்றாது, என் வேலையும் போகும், யோசித்துச் சொல் மேன் என்று எழுதினார். ஜெயராமன் அதை உரக்கப் படித்தார். பாஞ்சாலி வெளியே போய்ப் பறந்த துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மகள் மேடை ஏறுவதற்காக அவள் எத்தனை வாசலில் நின்றிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சங்கமித்ரா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கப் பதக்கம் சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கட்டைவிரலால் ஒரே வார்த்தை அடித்தாள். "போடு."

அன்று சாயங்காலம் முழுப் பதிவு ஏறியது. உலகத்தில் எங்கோ ஒருவர் அதைத் தட்டிக் கேட்க ஆரம்பித்தபோது, நீலசந்திராவில் சங்கமித்ராவின் மார்பு ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு நிற்கவில்லை. அவள் செய்த முதல் வேலை, பாஸ்டர்டு என்று சத்தமாகச் சொன்னது. யாரை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வேலை, அம்மாவின் கோட்டை முகர்ந்தது. ரோட்டுத் தூசியும் வியர்வையும் பினாயிலும். அதற்குத்தான் அவள் அழுதாள்.

க்ளென் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது. சேஷகிரி அவரை நிறுத்தினார். "ம்யூட் பண்ணச் சொன்னீங்க சார், எத்தன நாளைக்குன்னு சொல்லலியே" என்று கேட்டுவிட்டு க்ளென் தன் ஹெட்போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விருது வேறொருவருக்குப் போனது. சபாக்களின் போன்கள் சங்கமித்ராவின் நம்பரை மறந்தன. ஆல்பத்தை எடுத்துவிட சேஷகிரி எவ்வளவோ பார்த்தார். எடுக்க எடுக்க மறுநாள் அது தன் இடத்தில் இருந்தது. அதைப் போட்ட வீடுகளில் பல்லவிக்கு முன்னால் ஜன்னல் திரை உள்பக்கமாக இழுபட்டது. வறுவல் வாசனை ஹாலிலிருந்து பூஜை அறை வரை போனது. முதலில் பயங்கரப் புகார், ஒரு நட்சத்திர மதிப்பெண், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் வந்தன. பிறகு ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். இப்போது மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் அந்த ஆல்பத்தைப் போடுகிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறக்கிறார்கள், பேப்பர் மேல் கனமாக எதையாவது வைக்கிறார்கள், அப்புறம் உட்காருகிறார்கள். பசவனகுடியில் ஒரு வீட்டில் தினமும் மத்தியானம் ஜன்னல் திறப்பதாகவும், அந்த வீட்டு வாசலைக் கூட்டும்போது தோடி கேட்பதாகவும் பாஞ்சாலி சொல்கிறாள். எந்த வீடு என்று அவளாகச் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் அம்பேத்கர் ஜெயந்திக்கு நீலசந்திராவில் போட்ட மேடையில் சங்கமித்ரா பாடினாள். வயலினுக்குக் கூப்பிட்டவர்கள் யாரும் வரவில்லை. வயலின் இல்லாமலே பாடினாள். மைக் க்ளென். ஜெயராமன் மெட்ரோவிலிருந்து இறங்கி நேராக மேடைக்கு வந்து, மிருதங்கத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுடைய கையை அவர் இப்போதும் பார்ப்பதில்லை. தோரணம் கட்டியவர்கள் கயிற்றை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகினார்கள். பாஞ்சாலி தன் தட்டுக் கேசரியை இன்னொரு தட்டால் மூடினாள். மௌரீன் விக் வைத்த தன் அத்தையின் தலையில் பழக்கமாகக் கையை வைத்தாள். சங்கமித்ரா மூச்சை இழுத்தாள். தெரு மொத்தமும் ஒரு தரம் மேடைப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு பாட்டு ஆரம்பித்தது.